செர்ரித் தோட்டத்தை வாங்கினவன்

ரஷ்ய எழுத்தாளர் செகாவோட 'செர்ரித் தோட்டம்' நாடகத்தை யாராவது புதுசா மேடையேத்துறாங்கன்னு செய்தி வந்தா, எல்லாரும் ரானெவ்ஸ்கயாவா எந்தப் பெரிய நடிகை வர்றாங்கன்னு பார்ப்பாங்க, நான் முதல்ல தேடுறது லோபாகினா யாரு வர்றாங்கங்கறதைத்தான். அவன் எந்த ஊர்க்காரனா வர்றான், அந்த ஊர்ல யாரோட பிள்ளையா, யாரோட பேரனா வர்றான்? இது தெரிஞ்சாலே அந்த டைரக்டர் நாடகத்தை எவ்வளவு ஆழமா படிச்சிருக்கார்னு பாதி தெரிஞ்சிடும். கொஞ்ச நாளா இந்த நாடகத்தோட நவீன வடிவங்களைப் பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சு, கிடைச்ச வீடியோவெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கேன், மண்டைக்குள்ள ஓடுறதை எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். வெளிநாட்டுல அஞ்சு வருஷம் இருந்துட்டு, பாரிஸ்ல இருந்து ரானெவ்ஸ்கயாங்கற நிலச்சுவான்தார் அம்மா ஊருக்குத் திரும்பி வர்றாங்க, மே மாசம், செர்ரி மரமெல்லாம் பூத்துக் கிடக்கு, ஆனா சொத்து மொத்தமும் கடன்ல, ஆகஸ்ட் 22ஆம் தேதி ஏலம். லோபாகின்னு ஒரு வியாபாரி, அந்தக் குடும்பத்துமேல நிஜமான பிரியம் உள்ளவன், வழி சொல்றான்: பக்கத்துலயே ரயில் வந்துடுச்சு, தோட்டத்தை வெட்டி பிளாட் போட்டு கோடை வீடு கட்டிக்க வர்றவங்களுக்குக் குத்தகைக்கு விடுங்க, வருஷத்துக்குக் குறைஞ்சது 25,000 ரூபிள் வரும்ங்கறான். அந்த அம்மாவுக்கு அதெல்லாம் ரொம்ப மட்டமான விஷயமாத் தெரியுது. அண்ணன் கயேவ் நூறு வருஷப் பழைய புத்தக அலமாரியைப் பார்த்து சொற்பொழிவு ஆத்துறார். கடைசியில ஏலத்துல லோபாகினே தோட்டத்தை எடுத்துடறான்.

இதுல எல்லாத்தையும் தூக்கி நிறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு, லோபாகினோட அப்பாவும் தாத்தாவும் அதே பண்ணையில அடிமையா இருந்தவங்க. ரஷ்யாவுல பண்ணை அடிமை முறையை ஒழிச்சது 1861ல, நாடகம் மேடையேறினது 1904 ஜனவரியில, அதாவது பார்க்க வந்தவங்கள்ல வயசானவங்களுக்கு அதெல்லாம் நேர்ல பார்த்த காலம். செகாவுக்கும் இது வெளியில இருந்து பார்த்த விஷயம் கிடையாது. அவரோட தாத்தாவே அடிமையா இருந்து, காசு சேர்த்து, 1841ல குடும்பத்துக்கு விடுதலை வாங்கினவர். அப்புறம் 1876ல அப்பாவோட மளிகைக் கடை திவாலாகி, பிறந்த ஊரான தாகன்ரோக்ல இருந்த சொந்த வீடு, உதவி பண்றேன்னு சொன்ன ஒரு குடும்ப நண்பர் கைக்கே போயிடுச்சு. அடிமையோட பேரன், நண்பன்கிட்ட வீட்டை இழந்தவன், இந்த ரெண்டும் ஒரே ஆள். அதனாலதான் இந்த நாடகத்துல வாங்குறவனும் கெட்டவன் இல்ல, இழக்குறவங்களும் கெட்டவங்க இல்ல.

மூணாவது அங்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய் பார்க்கணும். வீட்டுல டான்ஸ் நடக்குது, ஏலத்தன்னைக்கு போய் பார்ட்டி, கூலி குடுக்கக் காசில்லாம பேண்டு வாத்தியக்காரங்களை வேற கூப்பிட்டிருக்காங்க. கயேவ் டவுன்ல இருந்து வர்றார், கண்ணுல தண்ணி, ஒரு கையில நெத்திலியும் கெர்ச் ஹெர்ரிங் மீனும் உள்ள பொட்டலம். சொத்து போன நாள்ல மனுஷன் மீன் வாங்கிட்டு வந்திருக்கார், இந்த மாதிரி ஒரு விஷயத்தை செகாவைத் தவிர யாரு எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியல. பின்னாடியே லோபாகின் வர்றான், வளர்ப்பு மக வார்யா வேற யாரையோ அடிக்க ஓங்கின கோல் இவன் தலையில விழுது, அந்த அடியோட உள்ள வந்து நிக்கிறவன்தான் புது முதலாளி. யாரு வாங்கினதுன்னு ரானெவ்ஸ்கயா கேட்கறாங்க. நான்தான்ங்கறான். வார்யா இடுப்புல இருந்த சாவிக் கொத்தைக் கழட்டித் தரையில வீசிட்டுப் போயிடறா. அவன் குனிஞ்சு எடுக்கறான். அப்புறம் ஏலத்தைச் சொல்றான் பாருங்க, எதிராளி அஞ்சஞ்சா ஏத்துறான், இவன் பத்துப் பத்தா ஏத்துறான், கடன் தொகைக்கு மேல 90,000ல முடிஞ்சுது. எங்கப்பனும் தாத்தாவும் அடிமையா இருந்த பண்ணை, சமையலறைக்குள்ளகூட விடாத பண்ணை, அதை நான் வாங்கிட்டேன்ங்கறான். சந்தோஷமா வாத்தியம் வாசிங்கடான்னு கத்துறான், அடுத்த நிமிஷம் அழுதுக்கிட்டு இருக்கற ரானெவ்ஸ்கயா கிட்ட போய் ஏம்மா என் பேச்சைக் கேட்கல, ஏன் கேட்கலன்னு இவனும் அழறான்.

அந்த சமையலறை வரி இருக்கே, அதுதான் என் அளவுகோல். எந்த நாட்டுக்கு, எந்தக் காலத்துக்கு இந்த நாடகத்தைக் கொண்டு போனாலும் சரி, அங்க யாரை சமையலறைக்குள்ள விடலங்கறதுக்கு ஒரு நேர்மையான பதில் வேணும். பதில் இருந்தா மத்ததெல்லாம் தானா வந்து உக்காந்துக்கும். இல்லேன்னா வெறும் டிரெஸ் மாத்தினதுதான்.

1950லேயே நியூயார்க்கோட பெரிய நாடக வட்டாரமான பிராட்வேயில ஜோஷுவா லோகன் இதை 'த விஸ்டீரியா ட்ரீஸ்'னு அமெரிக்காவோட லூசியானாவுக்குக் கொண்டு போனார், ஹெலன் ஹேஸ் நடிச்சாங்க. லூசியானான்னா அடிமைமுறையோட நெஞ்சுப் பகுதி. ஆனா அங்க தோட்டத்தை வாங்கற ஆளை அவர் ஏழைக் குடும்பத்துல இருந்து வந்த ஒரு வெள்ளைக்காரனா வெச்சார், கறுப்பினத்தவங்க வீட்டு வேலைக்காரங்களாவே நின்னுட்டாங்க. அன்னிக்கு பிராட்வேயில வேற மாதிரி பண்றது எவ்வளவு கஷ்டம்னு புரியுது, இருந்தாலும் நாடகத்தோட நியாயப்படி அந்த ஏலத்துல ஜெயிச்சிருக்க வேண்டியது யாருங்கற கேள்வி அந்த மேடையிலயே நின்னுக்கிட்டு இருந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் மாதிரி வந்தது ஜேனட் சுஸ்மனோட 'த ஃப்ரீ ஸ்டேட்', 1997ல. தென்னாப்பிரிக்கா, 1994 தேர்தல் முடிஞ்ச உடனே உள்ள காலம். நிலம் வெள்ளைக்காரக் குடும்பத்தோடது, அதுவும் நிறவெறிக்கு எதிரா நின்ன, நல்ல எண்ணம் உள்ள குடும்பம். வாங்கறவர் கறுப்பினத்தவர். இங்க சமையலறை வரியை யாரும் விளக்கவே வேண்டாம், ஆடியன்ஸ்ல உக்காந்திருக்கற ஒவ்வொருத்தருக்கும் அது சொந்த வாழ்க்கை. அந்தக் குடும்பம் நல்லவங்களா இருக்கறதுதான் சரியான முடிவுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா ரானெவ்ஸ்கயாவும் நல்லவங்கதான், சின்ன வயசுல லோபாகின் அப்பன்கிட்ட அடி வாங்கி மூக்குல ரத்தத்தோட நின்னப்ப முகம் கழுவி விட்டவங்க. நல்லவங்களா இருந்தா மட்டும் கணக்கு நேராகிடுமா?

இன்னும் மேல போறதுக்கு முன்னாடி, தோட்டத்தையே எங்கயும் நகர்த்தாம மேடையை மட்டும் மாத்தினவங்க ரெண்டு பேரைச் சொல்லியே ஆகணும், இன்னிக்கு வர்ற எல்லாருமே ஏதோ ஒரு விதத்துல அவங்க கிட்ட கடன் வாங்கினவங்கதான். ஒருத்தர் மிலான்ல ஜியார்ஜியோ ஸ்ட்ரேலர், 1974. மேடை முழுக்க வெள்ளை, மேல பெரிய மெல்லிசுத் துணி, அதுல காஞ்ச இலைங்க, அந்தத் துணி ஆடியன்ஸ் தலைக்கு மேலயும் வந்து நிக்கும். தோட்டம்னு ஒரு மரம்கூட கிடையாது, ஆனா நீங்களும் தோட்டத்துக்குள்ளதான் உக்காந்திருப்பீங்க. கயேவ் பேசற அந்த அலமாரி திறந்துக்கிட்டு உள்ள இருந்து பழைய விளையாட்டு சாமானா கொட்டும். வயசான மனுஷன் ஒரு அலமாரியைப் பார்த்து ஏன் உருகறார்ங்கறதுக்கு இதைவிட தெளிவா யாரும் பதில் சொன்னதில்ல.

இன்னொருத்தர் பீட்டர் புரூக், நம்ம மகாபாரதத்தை நாடகமாப் பண்ணினவர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். 1981ல பாரிஸ்ல பூஃப் தியு நோர்ங்கற பழைய, சுவரெல்லாம் உரிஞ்ச தியேட்டர்ல பண்ணினார். செட்னு பார்த்தா தரையில விரிச்ச கம்பளங்கதான், கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம், இடைவேளை கிடையாது. 1988ல இங்கிலீஷ்ல நியூயார்க்கோட புரூக்ளினுக்கும் கொண்டு போனார், அங்க லோபாகின் பிரையன் டென்னிஹி. அந்த வேகம் செகாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்னு தோணுது. ஏன்னா முதல் தடவை பண்ணின ஸ்தானிஸ்லாவ்ஸ்கி மேல அவருக்கு இருந்த பெரிய வருத்தமே அதுதான், 12 நிமிஷத்துல முடிய வேண்டிய கடைசி அங்கத்தை 40 நிமிஷம் இழுக்கறாங்கன்னு மனைவிக்கு எழுதினார். காமெடின்னு எழுதிக் குடுத்ததை அவங்க கண்ணீர் நாடகமா பண்ணிட்டாங்கன்னு வேற. அந்த 1904 ஜூலையிலயே செகாவ் செத்துப் போயிட்டார், சண்டை மட்டும் 120 வருஷமா முடியல.

அந்தக் கம்பளம் திரும்பவும் வந்துச்சு, 2024ல லண்டன் டோன்மார் வேர்ஹவுஸ்ல பெனடிக்ட் ஆண்ட்ரூஸ் பண்ணினப்ப. சின்ன அரங்கம், நாலு பக்கமும் ஆடியன்ஸ், தரையிலயும் சுவத்துலயும் கம்பளம், நடிகர்கள் தன்னோட காட்சி இல்லாதப்ப ஆடியன்ஸ் கூடவே உக்காந்துக்கறாங்க. கயேவ் அலமாரிக்குப் பேசற காட்சியில அலமாரியே கிடையாது, ஆடியன்ஸ்ல ஒருத்தரைத்தான் அலமாரின்னு வெச்சுப் பேசறார்! முதல்ல சிரிப்பு வரும், அப்புறம் யோசிச்சா, நூறு வருஷமா எங்க குடும்பத்தைத் தாங்கின அலமாரியேன்னு ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்றது என்னா விஷயம், அந்தக் குடும்பத்தை நூறு வருஷம் தாங்கினது மனுஷங்கதானே. இதுல நீனா ஹோஸ் ரானெவ்ஸ்கயா, ஜெர்மனியில இருந்து வந்தவங்க. லோபாகின் அதீல் அக்தார், பாகிஸ்தானி, கென்யக் குடும்பப் பின்னணி உள்ள பிரிட்டிஷ் நடிகர். அதைப் பத்தி நாடகத்துல தனியா எதுவும் பேசறதில்ல, பேச வேண்டியதும் இல்ல, லண்டன்ல அந்த முகம் அந்த சமையலறை வரியைச் சொல்றப்ப கேக்கறவங்களுக்குப் புரியும்.

பிரான்ஸ்ல 2021 ஆவிஞ்ஞோன் விழாவுல தியாகோ ரோட்ரிகஸ் பண்ணினதும் இந்த வகைதான். ரானெவ்ஸ்கயா இசபெல் ஹூப்பர், லோபாகின் அடாமா தியோப், செனகல்ல பிறந்தவர். போப்புகளோட பழைய அரண்மனை முற்றம்தான் அங்க மேடை. அந்த முற்றத்துல பல வருஷமா ஜனங்க உக்காந்த பழைய நாற்காலிங்களை அப்பதான் மாத்தினாங்க, கழட்டின பழசையே மேடையில வரிசையா போட்டு அதைத் தோட்டம்னு வெச்சுட்டார். போகப் போக அதையெல்லாம் அப்புறப்படுத்தறாங்க. வருஷா வருஷம் விழாவுக்கு வர்றவங்க எத்தனையோ பேர் அந்த நாற்காலியில உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

என் மனசுக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டை இனிமேதான் சொல்லப் போறேன். ஒண்ணு வேல்ஸ். 2017ல கார்டிஃப் ஷெர்மன் தியேட்டர்ல கேரி ஓவன் எழுதி ரேச்சல் ஓரியார்டன் டைரக்ட் பண்ணினது. இடம் பெம்ப்ரோக்‌ஷைர் கடற்கரைப் பக்கம், வருஷம் 1982, தாட்சர் ஆட்சி. ஓவன் வசனத்தை அப்படியே வெச்சுக்கல, மொத்தமா புதுசா எழுதிட்டார், ரானெவ்ஸ்கயா இங்க ரெய்னி, நிறைய குடிக்கிறவங்க, பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தை விட்டு வெளிய வர முடியாதவங்க. லோபாகின் இங்க லூயிஸ். நான் இந்தக் காலத் தேர்வை ஏன் பாராட்டறேன்னா, 1980ல வந்த வீட்டுவசதிச் சட்டம் பிரிட்டன்ல அரசாங்க வீட்டுல வாடகைக்கு இருந்த சாதாரண ஜனங்களுக்கு அந்த வீட்டையே வாங்கிக்கற உரிமையைக் குடுத்துச்சு, அதுவரைக்கும் சொத்துன்னா என்னன்னே தெரியாத லட்சக்கணக்கான குடும்பம் சொந்த வீட்டுக்காரங்க ஆனாங்க. அதே சட்டம் அடுத்த தலைமுறைக்கு அரசாங்க வாடகை வீடு கிடைக்கறதையே கஷ்டமாக்கிடுச்சு. லோபாகினோட கோடை வீட்டுத் திட்டத்துல இருக்கற ரெண்டு பக்கமும், அதாவது இல்லாதவன் முதல் தடவையா கை நீட்டி எடுத்துக்கறதுல இருக்கற நியாயமும் அதுக்கு வெட்டுப்படறது என்னங்கறதும், இந்த ஒரு சட்டத்துக்குள்ளயே இருக்கு.

ரெண்டாவது சியோல், 2024. சைமன் ஸ்டோன்ங்கற ஆஸ்திரேலிய டைரக்டர் எல்ஜி ஆர்ட்ஸ் சென்டர்ல கொரிய நடிகர்களை வெச்சு, கொரிய மொழியிலயே பண்ணினார். ஜியோன் டோ யியோன் 27 வருஷத்துக்கு அப்புறம் மேடைக்குத் திரும்பினாங்க, லோபாகின் இடத்துல பார்க் ஹே சூ, 'ஸ்குவிட் கேம்' பார்த்தவங்களுக்கு முகம் நல்லாத் தெரியும். பண்ணை இங்க கிடையாது, சேபோல் குடும்பம், அதாவது பரம்பரையா பெரிய கம்பெனிகளை நடத்தற கொரியப் பணக்காரக் குடும்பம், கம்பெனி முழுகிக்கிட்டு இருக்கு, அந்த அம்மா அமெரிக்காவுல இருந்து திரும்பி வர்றாங்க. வாங்கப் போறவன் அந்த வீட்டு டிரைவரோட பையன். இதைப் படிச்சப்ப எனக்கு அப்படியே நிமிர்ந்து உக்காரத் தோணுச்சு. டிரைவரோட பையன்! கேட் வரைக்கும், கார் ஷெட் வரைக்கும் வந்து போனவன், வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எல்லாம் தெரிஞ்சவன், சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் வராதவன். கொரியாவுல ஒரே தலைமுறையில அப்படி மேல ஏறினவங்க நிஜமா இருக்காங்க, அதனால அந்தக் கதை அங்க ரஷ்யாவுல இருந்து இறக்குமதி பண்ணின மாதிரியே இல்லாம உள்ளூர்லயே விளைஞ்ச மாதிரி ஆயிடுது.

2022ல வந்த ரெண்டு பரிசோதனையையும் விட்டுட முடியாது. லண்டன் யார்ட் தியேட்டர்ல வினய் படேல் எழுதினது விண்வெளிக் கப்பல்ல நடக்குது, கப்பல்ல இருக்கறவங்க எல்லாம் தெற்காசிய வம்சாவளி, பழைய வேலைக்காரர் ஃபிர்ஸ் இங்க ஒரு ரோபோ. நியூயார்க்ல கீவ் நகரத்துல பிறந்த ஈகோர் கோல்யாக் 'த ஆர்ச்சர்ட்'னு பண்ணினார், ஜெசிகா ஹெக்ட் ரானெவ்ஸ்கயா, ஃபிர்ஸா நடிச்சது உலகப் புகழ் பெற்ற டான்ஸர் பரிஷ்னிகோவ், மேடை நடுவுல ஆளை விடப் பெரிய ஒரு ரோபோ கை, சுத்தி நீலப் பூவிதழ்ங்க. உக்ரைன் மேல படையெடுப்பு ஆரம்பிச்சு சில மாசத்துல அது மேடையேறுச்சு, வீடு பறி போறதைப் பத்தின ஒரு ரஷ்ய நாடகத்தை அந்த நேரத்துல கீவ்காரர் ஒருத்தர் பண்றதுக்கே ஒரு தனி கனம் இருக்கு. ஆனா ரோபோ கை எனக்கு ஒட்டல. அந்த எந்திரம் நிக்கிற இடத்துல லோபாகினும் வார்யாவும் சின்னதாத் தெரிய ஆரம்பிச்சுடறாங்க. படேலோட விண்வெளிக் கப்பல் எனக்கு அதைவிட நியாயமாப் படுது, அங்க கப்பலோட மேல்தட்டு கீழ்த்தட்டுனு யாரு எங்க பிறந்தாங்கங்கறது கதைக்குள்ளயே இருக்கு.

முதல் தடவையா பார்க்க நினைக்கறவங்களுக்கு நான் சொல்றது பிபிசி 1981ல எடுத்த டிவி வடிவம்தான். ஜூடி டென்ச் ரானெவ்ஸ்கயா, லோபாகின் பில் பேட்டர்சன், எழுத்து டிரெவர் கிரிஃபித்ஸ், டைரக்‌ஷன் ரிச்சர்ட் அயர். எதையும் மாத்தாத மாதிரி இருக்கும், ஆனா லோபாகினை வில்லனாக்காம அவன் பக்கத்து நியாயத்தை முழுசாக் கேட்க விடுது. அதைப் பார்த்துட்டு மத்ததுக்குப் போனா யாரு எதை மாத்தினாங்கன்னு புரியும்.

இவ்வளவையும் சேர்த்து வெச்சுப் பார்க்கறப்ப எனக்கு ஒரே ஒரு ஏக்கம் இருக்கு, அது வார்யா. லோபாகினை இத்தனை பேர் இத்தனை நாட்டுல புதுசாப் படிச்சாங்க, வார்யாவை அந்த அளவுக்கு யாரும் படிக்கல. அவளும் சாதாரணக் குடும்பத்துல பிறந்தவதான், ரானெவ்ஸ்கயாவே வாய்விட்டு சொல்றாங்க அதை. தத்து எடுத்த மகள்னு பேரு, ஆனா விடிஞ்சா எழுந்து அந்த வீட்டைக் கட்டி மேய்க்கறது அவ, அஞ்சு வருஷமா அம்மா வெளிநாட்டுல இருந்தப்ப வேலைக்காரங்களுக்கு வெறும் பட்டாணி போட்டுக் கணக்கு பார்த்தது அவ, சாவி அவ இடுப்புலதான். லோபாகின் வெளியில இருந்து அந்த வீட்டுக்குள்ள வந்தான்னா இவ சின்ன வயசுலேயே உள்ள வந்து, உள்ள இருந்தும் முழுசா உள்ள சேராமலே இருக்கறவ. லோபாகின் எப்படிப்பட்டவன்னு ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு விளக்க செகாவ் குடுத்த ஆதாரமே இவதான், வார்யா மாதிரி ஒரு பொண்ணு நேசிச்சவன் வெறும் காசுப் பேயா இருக்க முடியாதுன்னு எழுதினார்.

நாலாவது அங்கத்துல அவங்க ரெண்டு பேரையும் தனியா விடறாங்க, இப்பவாவது கல்யாணப் பேச்சை எடுக்கட்டும்னு. அவ மூட்டையில எதையோ தேடற மாதிரி பாவனை பண்றா. அவன் எங்க போகப் போறேன்னு கேட்கறான். ரகூலின் வீட்டுக்கு, வீட்டு நிர்வாகம் பார்க்கங்கறா. எழுபது வெர்ஸ்ட், அதாவது கிட்டத்தட்ட 75 கிலோமீட்டர், இருக்குமேங்கறான். அப்புறம் குளிரைப் பத்திப் பேசறாங்க, மைனஸ் மூணு டிகிரின்னு இவன் சொல்றான், நான் பார்க்கல, எங்க தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சுன்னு அவ சொல்றா, வெளியில இருந்து யாரோ கூப்பிட அவன் அந்தக் குரலுக்கே காத்திருந்த மாதிரி ஓடிப் போயிடறான். அடுத்து இந்த நாடகத்தை எந்த ஊருக்குக் கொண்டு போறவங்களா இருந்தாலும் சரி, ரகூலின் வீட்டுல இருந்து ஆரம்பிச்சு பண்ணுங்களேன், திரும்பவும் இன்னொருத்தர் வீட்டுச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டு நிக்கிற வார்யாவை நடுவுல வெச்சு. அதைப் பார்க்க எத்தனை மணி நேரம் வேணும்னாலும் உக்காருவேன் நான்.